உசிலம்பட்டி 33 பைட்

உங்க போன் கேலரியில ஏதாவது ஒரு ஃபோட்டோவைத் திறந்து, விரலால மேலே தள்ளிப் பாருங்க. எடுத்த தேதி, நேரம், போன் மாடல், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் வரிசையா வரும். லொகேஷன் ஆன்ல இருந்தா ஒரு குட்டி மேப்பும் வரும். இதுல எதையும் நாம டைப் பண்ணலை. ஆனாலும் அந்த ஃபைலுக்குள்ள, படத்துக்கு முன்னாடி, யாரோ குறிப்பு எழுதி வச்ச மாதிரி உட்கார்ந்திருக்கு. இதுக்குத்தான் மெட்டாடேட்டானு பேர். தமிழ்ல மீத்தரவுனு சொல்றாங்க.

செமஸ்டர் எக்ஸாம்ல இதை ரெண்டு மார்க் கேள்வியா எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். "தரவைப் பற்றிய தரவு", முடிஞ்சது. ஆனா போன வருஷம் வைகாசியில, இந்த ரெண்டு மார்க் விஷயத்தை வச்சு ஒரு மனுஷரோட முகத்தைத் தேட வேண்டிய வேலை எனக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் இந்த டேக்குகளை நான் பார்க்கிற விதமே மாறிடுச்சு. அதைத்தான் இங்க எழுதறேன்.

சித்தப்பாவின் ஹார்ட் டிஸ்க்

எங்க சித்தப்பா உசிலம்பட்டியில ஸ்டூடியோ வச்சிருந்தார். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, பாஸ்போர்ட் சைஸ், எல்லாம் எடுப்பார். ஃபிலிம் காலத்துல ஆரம்பிச்சு டிஜிட்டலுக்கு மாறின தலைமுறை. ஃபிலிம் நெகட்டிவ் கவர்மேல பென்சில்ல ஊர், வீட்டுக்காரர் பேர், தேதி மூணையும் எழுதி வச்சிடுவார். டிஜிட்டலுக்கு வந்தப்புறம் அந்தப் பென்சில் குறிப்பு நின்னுபோச்சு. அவருக்கு அது தேவைப்படலை. எந்த டிஸ்க்ல எந்த ஃபோல்டர்ல யார் வீட்டு விசேஷம் இருக்குனு அவருக்கு மனப்பாடம். ரெண்டு வருஷம் முன்னாடி மாரடைப்புல திடீர்னு தவறிட்டார். மனப்பாடமும் அவரோட போயிடுச்சு.

ஸ்டூடியோவை மூடி சாமான்களை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு அட்டைப்பெட்டி நிறைய டிவிடி. உள்ளே "புதுசு", "புதுசு 2", "காப்பி", "காப்பி புதுசு"னு ஃபோல்டர்கள். நாப்பதாயிரத்துக்குக் கிட்ட படங்கள். கேமரா பத்தாயிரத்தைத் தொட்டதும் மறுபடி ஒண்ணுலேருந்து எண்ண ஆரம்பிச்சிடும், அதனால ஒரே எண் நாலஞ்சு படத்துக்கு இருக்கு.

வைகாசியில பக்கத்து ஊர்லேருந்து ஒரு அக்கா வந்தாங்க. அவங்க அப்பா இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் மாட்டி மாலை போடணும். வீட்டுல இருக்கிறது வாக்காளர் அட்டைப் படம் ஒண்ணுதான். அதைப் பெருசு பண்ணினா முகமே கலைஞ்சுபோகுது.

"தம்பி, எங்க அத்தை மகன் கல்யாணத்துல உங்க சித்தப்பா அப்பாவைத் தனியா நிக்க வச்சு ஒரு படம் எடுத்தாரு. பிரிண்ட் போட்டுக் குடுக்கிறேன்னாரு, நாங்கதான் வாங்க வரலை. 2009 ஆவணி. அது மட்டும் இருந்தாப் போதும்."

சித்தி என்னைப் பார்த்தாங்க. வீட்டுல கம்ப்யூட்டர் படிக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். கையில அஞ்சு நாள் இருந்தது.

தேதி எங்கே இருக்கு?

முதல்ல எல்லாரும் செய்யறதுதான்: ஃபைல்களைத் தேதி வாரியா அடுக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல 2016 மார்ச் மாசம் ஒரே நாளைக் காட்டுச்சு. அன்னைக்குத்தான் சித்தப்பா பழைய டிஸ்க்லேருந்து புதுசுக்கு மாத்தியிருக்கார். விண்டோஸ் காட்டுறது ஃபைலோட தேதி. அது காப்பி பண்ணினா, சேவ் பண்ணினா மாறும். எடுத்த தேதி வேற இடத்துல இருக்கு. அந்த இடத்தோட பேர் எக்சிஃப்.

எக்சிஃப் என்கிற தரநிலையை ஜப்பான் மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் 1995-ல் முதன்முதலா வெளியிட்டது. டிஜிட்டல் கேமரா அப்பதான் கடைகளுக்கு வர ஆரம்பிச்ச காலம். ஆளுக்கொரு மாதிரி எழுதினா ஒரு கம்பெனி கேமரா எடுத்ததை இன்னொரு கம்பெனி பிரிண்டர் புரிஞ்சுக்க முடியாது. அதனால எந்தத் தகவலை எந்த எண்ணுல எழுதணும்னு எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கிட்ட ஒரு ஒப்பந்தம் இது. இதுக்காக அவங்க புதுசா ஒரு அமைப்பைக் கட்டலை. 1986-ல் ஆல்டஸ் கம்பெனி ஸ்கேனர்களுக்காகக் கொண்டுவந்த டிஃப் ஃபார்மேட்டோட எலும்புக்கூட்டை அப்படியே எடுத்துக்கிட்டாங்க.

ஒரு ஜேபெக் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்தா இதை நாமே பார்க்கலாம். தொடக்கத்துல ஏபிபி1 என்கிற ஒரு பகுதி, அதிகபட்சம் 64 கிலோபைட். எக்சிஃப் என்கிற அடையாளத்துக்கு அப்புறம் ரெண்டு எழுத்து: 'ஐஐ' இருந்தா இன்டெல் பைட் வரிசை, 'எம்எம்' இருந்தா மோட்டோரோலா பைட் வரிசை. அடுத்து 42 என்கிற எண். அதுக்கப்புறம் டேக்குகள் வரிசை. ஒவ்வொரு டேக்கும் சரியா 12 பைட்: டேக் எண்ணுக்கு 2, தரவு வகைக்கு 2, எத்தனை உருப்படி என்பதுக்கு 4, மதிப்புக்கு 4. மதிப்பு 4 பைட்டுல அடங்கலைனா, அது எங்க இருக்குங்கிற முகவரி அந்த இடத்துல இருக்கும். மைக்ரோப்ராசசர் லேப்ல பாயின்டர்னு தலையைப் பிச்சுக்கிட்டோமே, அதேதான்.

ஹெக்ஸ் 0112 படம் நேரா இருக்கா சாய்ஞ்சிருக்கானு சொல்லும், 1-லேருந்து 8 வரைக்கும் ஒரு எண். ஹெக்ஸ் 8825 ஜிபிஎஸ் விவரம் இருக்கிற இடத்தைக் காட்டும். எனக்கு வேண்டியது ஹெக்ஸ் 9003, அதாவது ஷட்டர் திறந்த நேரம். வருஷம், மாசம், நாள், மணி, நிமிஷம், நொடி எல்லாம் 19 எழுத்து, முடிவுக் குறிக்கு ஒண்ணு, ஆக 20 பைட். ஃபைலை எத்தனை தடவை காப்பி பண்ணினாலும் இது தன்னால மாறாது.

நாப்பதாயிரம் படத்தையும் ஒவ்வொண்ணாத் திறக்க முடியாதே. இந்த வேலைக்கு எக்சிஃப்டூல்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. கனடாக்காரர் ஃபில் ஹார்வி 2003-லேருந்து பெர்ல் மொழியில எழுதிப் பராமரிக்கிறார். ஒரே கட்டளை. எல்லாப் படத்தையும் 9003 பிரகாரம் வருஷம், மாசம்னு தனித்தனி ஃபோல்டருக்குப் பிரிக்கச் சொன்னேன். ராத்திரி முழுக்க ஓடிச்சு. காலையில 2009 ஃபோல்டரைத் திறந்தா, ஆகஸ்ட் இருக்கு, அக்டோபர் இருக்கு. நடுவுல இருக்க வேண்டிய கல்யாணம் எதுலயும் இல்லை.

1705 நாள்

ஆனா ஒரு விநோதம் கண்ணுல பட்டுச்சு. 2005 ஜனவரி முதல் வாரத்துல மட்டும் ஆயிரக்கணக்குல படங்கள். ஒரு வாரத்துல ஏழெட்டுக் கல்யாணம். மார்கழி மாசத்துல நம்ம ஊர்ல ஏதுங்க கல்யாணம்?

அந்தப் படங்களோட கேமரா மாடல் டேக்கைப் பார்த்தேன். அந்த மாடல் 2005-ல் கடைக்கே வரலை, பின்னாடி வந்தது. அப்ப கேமரா கடிகாரம் தப்பு. கேமராவுக்குள்ள கடிகாரத்துக்குனு தனியா ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது செத்துப்போனா, பெரிய பேட்டரியைக் கழட்டி மாட்டுற ஒவ்வொரு தடவையும் கடிகாரம் ஆரம்பத் தேதிக்கே திரும்பிப் போயிடும். சித்தப்பா அதைத் திருத்திக்கிட்டே இருக்க நேரமில்லாத ஆள். முகூர்த்த நேரத்துல யார் மெனுவுக்குள்ள போய்த் தேதி மாத்திக்கிட்டு இருப்பாங்க?

கடிகாரம் தப்பானாலும் ஓடுற வேகம் சரிதான். அதனால ஒரே ஒரு படத்தோட உண்மையான நேரம் தெரிஞ்சா, அந்த விசேஷத்துல எடுத்த மொத்தப் படத்துக்கும் நேரம் தெரிஞ்சிடும். வித்தியாசத்தைக் கூட்டினாப் போதும். உண்மையான தேதி எங்கே கிடைக்கும்? ஆல்பத்துக்கு முதல் பக்கமா வைக்க, கல்யாண ஃபோட்டோகிராபர்கள் பத்திரிகையைத்தான் முதல்ல படம் எடுப்பாங்க. சித்தப்பாவும் எடுத்திருந்தார். ஏழெட்டுப் பத்திரிகையில ஒண்ணு: 2009 செப்டம்பர் 4, வெள்ளிக்கிழமை. அடியில அந்த அக்கா சொன்ன ஊர்ப் பேர். கேமரா அன்னைக்கு 2005 ஜனவரி 3-னு நினைச்சுக்கிட்டிருந்தது.

தாலி கட்டுற ஒரு படத்துல மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் தெரிஞ்சது. அதுல 7:40. டேக்ல 3:12. கணக்குப் போட்டா 1705 நாள், 4 மணி, 28 நிமிஷம். அத்தனையையும் கூட்டினதும் அந்தக் காலைப்பொழுது வரிசையா எழுந்து வந்துச்சு: மாப்பிள்ளை அழைப்பு, தாலி, மொய் எழுதுற இடம், பந்தி. 9:50-க்கு மண்டபத்து வாசல்ல, தோள்ல துண்டோட, கையைக் கட்டிக்கிட்டு ஒரு பெரியவர் தனியா நிக்கிறார். கண்ணு கேமராவைப் பார்க்கலை, பக்கத்துல யாரையோ பார்த்துச் சிரிக்கிறார்.

அவர்தானானு எனக்கு எப்படித் தெரியும்? டேக்ல அது இல்லை. அந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினோம். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "என்னையத்தான் பார்த்துச் சிரிக்கிறாரு, தம்பி. நான் அங்கதான் நின்னேன்"னாங்க.

ஷட்டர் வேகம் அறுபதில் ஒரு நொடினு கேமரா எழுதியிருந்தது. ஃப்ளாஷ் அடிக்கலைனு எழுதியிருந்தது. அந்தச் சிரிப்பு யாருக்கு என்பதை எழுதுற டேக்கை அந்த அக்கா மட்டும்தான் நிரப்ப முடிஞ்சது.

நம்ம ஊர்ப் பேருக்கு இடம் பத்தலை

படத்தைப் பிரிண்ட் போட்டுக் குடுத்தாச்சு. அடுத்து, இன்னொருத்தர் இதே மாதிரி தேடி வரும்போது கிடைக்கணும்னு அந்தப் பெரியவர் பேரையும் ஊரையும் சித்தப்பா பேரையும் படத்துக்குள்ளயே எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். தமிழ்லதான் எழுதணும்னு சித்தி சொன்னாங்க. அங்கதான் இந்தத் தரநிலைகளோட இன்னொரு முகம் தெரிஞ்சது.

எக்சிஃப்ல ஃபோட்டோகிராபர் பேருக்கு ஒரு டேக் இருக்கு, விளக்கத்துக்கு ஒரு டேக் இருக்கு. ஆனா ரெண்டுக்கும் தரவு வகை ஆஸ்கி. அதாவது 7 பிட், இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும். பயனர் குறிப்பு என்கிற டேக்ல, முதல் 8 பைட்டுல எந்தக் குறியீட்டு முறைனு சொல்லிட்டு யூனிகோடு எழுத வழி இருந்தது. மத்தபடி 1995-லேருந்து கேமராக்காரர் பேரைத் தமிழ்ல எழுத விதிப்படி இடமே இல்லை. ஜப்பான்காரங்க எழுதின தரநிலை, அவங்க பேரையே அவங்க எழுத்துல எழுத முடியாது! 2023 மே மாசம் வந்த எக்சிஃப் 3.0-லதான் யூடிஎஃப்-8 என்கிற தரவு வகையைச் சேர்த்தாங்க. நான் பிளஸ் டூ முடிச்சு காலேஜ் சேர்ற நேரத்துலதான் என் பேரைத் தமிழ்ல எழுத எக்சிஃப் இடம் குடுத்திருக்கு.

சரி, அடுத்தது ஐபிடிசி. 1965-ல் லண்டன்ல தொடங்கின சர்வதேசச் செய்தி நிறுவனங்களோட அமைப்பு இது. செய்திப் படம் கம்பி வழியா போன காலத்து ஆட்கள். யார் எடுத்தது, எந்த ஊர், என்ன சேதி என்கிறதைப் படத்தோட அனுப்ப 1990-களோட தொடக்கத்துல ஒரு முறை வகுத்தாங்க. இதுல யூடிஎஃப்-8 எழுதலாம். ஆனா ஒவ்வொரு கட்டத்துக்கும் நீளம் உண்டு. ஊர்ப் பேருக்கு 32 பைட். ஃபோட்டோகிராபர் பேருக்கும் 32 பைட்.

'உசிலம்பட்டி'னு அடிச்சேன். நீளம் மீறிடுச்சு, வெட்டிட்டேன்னு எச்சரிக்கை வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்க. யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். உ, ச, இகரக் கொக்கி, ல, ம, புள்ளி, ப, ட, புள்ளி, ட, இகரக் கொக்கி, மொத்தம் 11. பதினொண்ணு மூணா 33. இடம் 32. ஒரே ஒரு பைட் கூடுதல்! இங்கிலீஷ்ல எழுதினாலும் அதே 11 எழுத்துதான், ஆனா 11 பைட்லயே முடிஞ்சிடும். தமிழ்ல எழுதினா கடைசிக் கொக்கி வெட்டுப்பட்டு எங்க ஊர் 'உசிலம்பட்ட' ஆயிடுது.

விடலை, அன்னைக்கு ராத்திரி மதுரை மாவட்டம் பூரா எண்ணினேன். மதுரை 15 பைட், மேலூர் 18, சோழவந்தான் 30. இவங்க தப்பிச்சாங்க. திருமங்கலம் 33, கடைசிப் புள்ளி போயி 'திருமங்கலம'. வாடிப்பட்டியும் 33. அலங்காநல்லூர் 39, காளையை அடக்கினாலும் இந்தக் கட்டத்துக்குள்ள அடங்காது. திருப்பரங்குன்றம் 51, முருகன் முதல் படைவீடு பாதியிலயே நின்னுடும். உங்க ஊருக்கு எத்தனைனு நீங்களும் எண்ணிப் பாருங்க.

யாரும் நம்மளை ஒதுக்கணும்னு 32 போட்டிருக்க மாட்டாங்க. ஒரு எழுத்துன்னா ஒரு பைட்டுனு நினைச்ச ஆட்கள், 32 எழுத்துக்கு மேல எந்த ஊருக்குப் பேர் இருக்கப்போகுதுனு யோசிச்சிருப்பாங்க. நாம ப்ராஜெக்ட்ல டேட்டாபேஸ் டேபிள் போடும்போது பேர் கட்டத்துக்கு ஒரு எண்ணைக் கைபோன போக்குல போடுறோமே, அதேதான். அந்த எண் முப்பது வருஷம் கழிச்சு எந்த ஊரோட வாலை வெட்டும்னு போடுறவங்களுக்குத் தெரியாது. தரநிலை எழுதுற மேசையில தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் உட்கார்ந்தா என்ன நடக்கும் என்பதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை.

கடைசியா கைகொடுத்தது எக்ஸ்எம்பி. அடோபி 2001-ல் கொண்டுவந்தது, 2012-ல் ஐஎஸ்ஓ 16684-1 என்கிற சர்வதேசத் தரநிலை ஆயிடுச்சு. இது எக்ஸ்எம்எல் வடிவத்துல எழுதறது. யூனிகோடு தாராளமா எழுதலாம், 32 பைட் தொல்லை கிடையாது. ஒரே விளக்கத்தைத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பக்கத்துல பக்கத்துல, இது இந்த மொழினு குறிச்சே வைக்கலாம். ஐபிடிசி அமைப்பும் தன்னோட கட்டங்களை இதுக்குள்ள கொண்டுவந்திருக்கு. அதுல 'படத்தில் இருப்பவர்' என்றே ஒரு கட்டம் இருக்கு. அந்தப் பெரியவர் பேரை முழுசா அதுல எழுதினேன். உசிலம்பட்டியும் முழுசா உட்கார்ந்துச்சு.

கல்லுல எழுதின டேக்

படத்துக்குப் பக்கத்துல குறிப்பு எழுதறது ஜப்பான்லயும் லண்டன்லயும் கண்டுபிடிச்சதுனு நினைச்சா, மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலைக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போய்ட்டு வாங்க. செட்டிப்புடவுலயும் பேச்சிப்பள்ளத்துலயும் பாறையில தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கியிருக்காங்க. 9, 10-ஆம் நூற்றாண்டு வேலை. அந்த உருவங்களுக்குக் கீழ வட்டெழுத்துல இதைச் செய்யச் சொன்னவர் யார், எந்த ஊர்க்காரர்னு வெட்டியிருக்கு. படம், அதுக்குக் கீழ உரியவர் பேர், ஊர். பைட் கணக்கு இல்லை. பாறை இருக்கிற வரைக்கும் எழுதலாம்.

நேரக் கணக்குலயும் முன்னோடி உண்டு. பாண்டியர் கல்வெட்டுகள்ல ஆட்சியாண்டை 'இத்தனாவதுக்கு எதிர் இத்தனாவது'னு ரெண்டு எண்ணாப் போடுற வழக்கம் இருக்கு. ரெண்டையும் கூட்டினாத்தான் சரியான ஆண்டு வரும். எக்சிஃப்ல 9003 நேரத்தை மட்டும் சொல்லும், எந்த நாட்டு நேரம்னு சொல்லாது. சிங்கப்பூர்ல இருக்கிற அண்ணன் எடுத்த படமும் நாம எடுத்ததும் ஒண்ணாச் சேர்ந்தா ரெண்டரை மணி நேரம் முன்னப் பின்ன நிக்கும். 2016-ல் வந்த 2.31 பதிப்புலதான் நேர வித்தியாசத்தை எழுதத் தனி டேக் சேர்த்தாங்க. அடிப்படை எண் ஒண்ணு, கூட்ட வேண்டிய எண் ஒண்ணு.

தேதி ஒண்ணு என்ன செய்யும்னு கேட்டா, 1858-க்குப் போகணும். சென்னை மாகாண அரசோட ஃபோட்டோகிராபர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் அந்த வருஷம் மதுரையைப் படம் எடுத்தார். மீனாட்சி கோயில், தெப்பக்குளம், விளக்குத்தூண், திருமலை நாயக்கர் மகால் எல்லாம் மெழுகு பூசின காகித நெகட்டிவ்ல. மகால் படங்கள்ல கட்டடம் இடிஞ்சு சிதைஞ்சு கிடக்கும். தேதியும் தலைப்பும் இல்லாம அந்தப் படத்தை இன்னைக்குப் பார்த்தா ஏதோ வேற இடிபாடுனு நினைப்போம். 1866-லேருந்து 1872 வரைக்கும் ஆளுநரா இருந்த நேப்பியர் பிரபு காலத்துல மகாலைப் பழுதுபார்த்தாங்க. 1858 என்கிற அந்த ஒரு எண்தான் இது பழுதுபார்க்கறதுக்கு முன்னாடி இருந்த நிலைனு சொல்லுது. அது இல்லைனா அந்தப் படம் வெறும் அழகான படம்.

கீழடியிலயும் இதே கதைதான். அகழாய்வுக் குழிக்குள்ள படம் எடுக்கும்போது அளவுகோலும், குழி எண், அடுக்கு, தேதி எழுதின பலகையும் வச்சுத்தான் எடுப்பாங்க. அங்க 353 செ.மீ. ஆழத்துல கிடைச்ச கரித்துண்டுக்குத்தான் கி.மு. 580-னு காலம் கணிச்சாங்க. அந்த 353-ஐ எடுத்துட்டுப் பாருங்க, அது யார் வீட்டு அடுப்புலயும் கிடைக்கிற கரி.

டேக் பொய் சொல்லுமா?

சொல்லும். 1705 நாளை ஒரே கட்டளையில கூட்டின நான் இதைச் சொல்லியே ஆகணும். உண்மையைத் திருப்பிக் கொண்டுவந்த அதே கட்டளையால, நேத்து எடுத்த படத்தைப் பத்து வருஷம் பழசாக்கவும் முடியும். எக்சிஃப்ல பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. கோர்ட்டுல படத்தைச் சாட்சியா வைக்க, 2024 ஜூலை 1-லேருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவு சான்றிதழ் கேட்குது. அந்தப் படிவத்துல ஹேஷ் மதிப்பையும் எழுதணும். டேக்ல இருக்கிற தேதி மட்டும் போதும்னு சட்டமே நம்பலை.

டேக் சரியா இருந்து படம் பொய்யா இருக்கவும் வாய்ப்பு உண்டு. நூறு நாள் வேலைத் தளங்கள்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, இடமும் நேரமும் பதிஞ்ச ஃபோட்டோவை என்எம்எம்எஸ் ஆப்ல ஏத்தணும்னு 2023 ஜனவரி 1-லேருந்து கட்டாயமாக்கினாங்க. 2025 ஜூலையில ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதின கடிதத்துல, சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே மறுபடி படம் எடுத்த படங்களும் ஏறியிருக்குனு சொல்லியிருக்கு. அந்த நேரம் சரி, அந்த இடம் சரி, ஆனா கேமரா முன்னாடி நின்னது மனுஷங்க இல்லை, இன்னொரு படம்.

எங்க அப்பத்தா அந்த வேலைக்குப் போனவங்க. "காலையில ஒரு தடவை நிக்கணும், மதியம் ஒரு தடவை நிக்கணும். வெட்டின மண்ணை யாரும் படம் எடுக்கலைடா"ம்பாங்க. டேக்குக்கு எது கட்டம்னு முடிவு பண்றவங்களுக்கு அப்பத்தா சொன்னதை யாராவது சொல்லணும்.

டேக் உண்மை சொல்றதும் சில நேரம் ஆபத்து. 2012 டிசம்பர்ல, தேடப்பட்டு ஒளிஞ்சிருந்த ஜான் மெக்காஃபி, அதான் அந்த ஆன்டிவைரஸ் ஆள், குவாத்தமாலாவில இருக்கார்னு உலகத்துக்குத் தெரிஞ்சதே ஒரு பத்திரிகை வெளியிட்ட போன் படத்துல இருந்த ஜிபிஎஸ் டேக்காலதான். நம்ம ஹாஸ்டல் ரூம்ல எடுத்த படமும் அதே மாதிரி பாகை, கலை, விகலைனு மூணு எண்ணுல நம்ம கட்டிலைக் காட்டும். மெசேஜ் ஆப்கள் பெரும்பாலும் படத்தைச் சுருக்கும்போது டேக்குகளை உதிர்த்துடும். அது நல்லதும்தான். ஆனா குடும்பப் படங்களை அப்படியே அனுப்பி அனுப்பிச் சேர்த்து வச்சா, பத்து வருஷம் கழிச்சு எந்தப் படத்துக்கும் தேதி இருக்காது. வச்சுக்க வேண்டிய படத்தை டாக்குமெண்ட்டா அனுப்புங்க. பொதுவெளியில போடுற படத்துல இடத்தை நீக்கிட்டுப் போடுங்க.

இந்த லீவுக்கு ஒரு வேலை

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்.

மூலப் படத்தைத் தொடாதீங்க. காப்பி எடுத்து அதுல எழுதுங்க. தேதியைத் திருத்தினா, எதை வச்சுத் திருத்தினீங்கனு விளக்கத்துல ஒரு வரி எழுதுங்க. நான் "கல்யாணப் பத்திரிகை, சுவர்க் கடிகாரம் பார்த்துத் திருத்தியது, கேமரா காட்டிய தேதி 2005 ஜனவரி 3"னு எழுதியிருக்கேன். அடுத்து வர்றவர் என் கணக்கைச் சரிபார்க்கலாம்.

பழைய பிரிண்ட்டை ஸ்கேன் பண்ணினா, ஸ்கேன் பண்ணின நேரத்துக்கு ஹெக்ஸ் 9004 இருக்கு. அதைப் படம் எடுத்த தேதியோட குழப்பிக்காதீங்க. தாத்தா கல்யாணம் 2025-ல் நடந்ததா ஆயிடும். பிரிண்ட்டோட பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் பண்ணுங்க. பென்சில் எழுத்து அங்கதான் இருக்கும்.

முக்கியமா, படத்தைப் பெரியவங்க கையில குடுத்து உட்காருங்க. அப்பத்தா, அம்மாச்சி, பெரியப்பா, யார் இருக்காங்களோ அவங்ககிட்ட இடமிருந்து வலமா பேர் கேளுங்க. தேதியைக் கேமரா எழுதிக்கும், இடத்தைச் செயற்கைக்கோள் எழுதிக்கும். பேரை யாரும் எழுத மாட்டாங்க. முகத்தை அடையாளம் காணுற மென்பொருள்கூட, இது அதே முகம்னு சொல்லுமே தவிர, யார் பேர் என்னனு நாம சொன்னாத்தான் அதுக்குத் தெரியும்.

சித்தப்பாவோட டிஸ்க்ல இதுவரைக்கும் ஆயிரத்துச் சொச்சம் படத்துக்குத்தான் பேர் எழுதியிருக்கோம். சனிக்கிழமை சாயங்காலம் சித்தி வீட்டுத் திண்ணையில லேப்டாப்பைத் திறந்து வச்சா தெருவே கூடிடுது. "இது நம்ம முத்தையா மாமா இல்லை, அவர் தம்பி"னு சண்டை வரும். சண்டை முடிஞ்சு ஒத்துக்கிட்ட பேரைத்தான் எழுதறோம். இன்னும் முப்பத்தெட்டாயிரம் இருக்கு. உசிலம்பட்டிப் பக்கம் யாராவது இருந்தா வாங்க, டைப் பண்ண ஆள் வேணும். டீயும் வடையும் சித்தி தருவாங்க.